பிடித்த கை ஏன் விடவில்லை?



அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருப்போரை முந்திய நாள் மாலையில் சென்று பார்ப்பது எங்கள் வழக்கம். படுக்கை படுக்கையாக நின்று, பெயரைக் கேட்டு, கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசுவோம். அப்படி ஒரு மாலையில், குடலிறக்க அறுவைக்கு வந்திருந்த ஓர் இளைஞருக்குக் கை கொடுத்தோம். அவர் நன்றாகப் பற்றிக்கொண்டார். பேசி முடித்து விடைபெறக் கையை இழுத்தபோது அவருடைய விரல்கள் விடவில்லை. அன்பின் மிகுதியால் பிடித்திருக்கிறார் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அவர் முகம் வெட்கத்தால் சுருங்கியிருந்தது. மறு கையால் தம் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். "மன்னிச்சுக்கோங்க ஐயா, சின்ன வயசிலேருந்தே இப்படித்தான். பிடிச்சா உடனே விட வராது" என்றார்.

அருகில் அமர்ந்து கேட்டோம். பள்ளியில் ஆசிரியர் உள்ளே வரும்போது எல்லாப் பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். இவர் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் நிற்பாராம். மரியாதை தெரியாதவன் என்று அடி வாங்கியிருக்கிறார். ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதியதும் கால்கள் மரக்கட்டைபோல் விறைத்து, முதல் அடியிலேயே விழுந்திருக்கிறார். நின்றுகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று பஸ் ஏறப் போனால், படியில் கால் வைப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடும். பார்வைக்கோ தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்போல் திரண்ட தோள்கள், உருண்ட கெண்டைக்கால்கள். "இவ்வளவு உடம்பை வச்சுக்கிட்டு நடிக்கிறியா?" என்பதுதான் அவர் வாழ்நாளில் அதிகம் கேட்ட வார்த்தை.

நாங்கள் பணியிலிருந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் வந்து, இளைஞரின் பெருவிரல் அடியிலுள்ள சதையைச் சிறு சுத்தியலால் தட்டினார். பெருவிரல் உள்ளங்கையை நோக்கி இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. பல விநாடிகள் கழித்து மெல்லத் திரும்பியது. "நாளைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் தெரிந்ததே, நல்ல வேளை" என்றார் டாக்டரம்மா.

அந்தத் தொல்லையின் பெயர் மயோடோனியா. மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இறுகுவது மட்டுமே தசையின் வேலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தளர்வதற்கும் ஒரு வேலை நடந்தாக வேண்டும். அந்த வேலை நடக்காத மனிதரை உலகம் சோம்பேறி என்றும் நடிகன் என்றும் சொல்லிவிடுகிறது.

தசை எப்படி இறுகுகிறது?

ஒவ்வொரு தசையும் பல மெல்லிய இழைகளால் ஆனது. ஒவ்வொரு இழையும் ஒரு நீண்ட செல். அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சவ்வின் இருபுறமும் இருப்பது உப்புநீரே. ஆனால் இருபுறத்து உப்பும் ஒன்றல்ல. வெளியே சோடியமும் குளோரைடும் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. நாம் சோற்றில் இடும் உப்பு நீரில் கரைந்தால் பிரிந்து நிற்பவை சோடியமும் குளோரைடுமே. சோடியமும் பொட்டாசியமும் நேர் மின்னேற்றம் உடையவை. குளோரைடு எதிர் மின்னேற்றம் உடையது. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற துகள்களை அயனிகள் என்பர்.

தசை ஓய்ந்திருக்கும்போது இழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் எதிர் மின்னேற்றத்தில் இருக்கிறது. ஒரு டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு. இந்தச் சிறு மின்னழுத்தத்தை நம்பித்தான் நம் நடையும் பேச்சும் மூச்சும் நடைபெறுகின்றன.

அயனிகள் நினைத்தபடி சவ்வைக் கடக்க முடியாது. அவை போய்வரப் புரதத்தால் ஆன நுண்ணிய வாய்க்கால்கள் சவ்வில் பதிந்துள்ளன. சோடியத்துக்கு ஒரு வகை, பொட்டாசியத்துக்கு ஒரு வகை, குளோரைடுக்கு ஒரு வகை என்று தனித்தனியே உண்டு. வயல் மதகைப்போல அவை திறக்கும், மூடும்.

கையை மடக்க வேண்டும் என்று நினைத்ததும் மூளையிலிருந்து புறப்படும் செய்தி, நரம்பு வழியாகத் தசை இழையை அடைகிறது. சோடிய வாய்க்கால்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. ஒரு கணம் உட்புறம் நேர் மின்னேற்றம் பெறுகிறது. உடனே சோடிய மதகு மூடிக்கொள்ள, பொட்டாசிய மதகு திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்த மின்துடிப்பு ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் முடிந்துவிடும். அது இழையின் மேற்பரப்பில் ஓடுவதோடு நிற்பதில்லை. சவ்வு ஆங்காங்கே உள்மடிந்து, மிகக் குறுகிய குழாய்களாக இழையின் ஆழம்வரை செல்கிறது. அந்தக் குழாய்களின் வழியே துடிப்பு உள்ளே இறங்கி, அங்குள்ள பைகளிலிருந்து கால்சியத்தை வெளிவிடுகிறது. கால்சியம் வந்ததும் தசை இறுகுகிறது. துடிப்பு நின்றால் கால்சியம் மீண்டும் பைக்குள் இறைக்கப்படுகிறது, தசை தளர்கிறது.

ஆகவே தசை தளர வேண்டுமானால் துடிப்பு நிற்க வேண்டும். துடிப்பை நிற்கச் செய்வதில்தான் குளோரைடு தன் பங்கைச் செய்கிறது.

தேங்கி நிற்கும் பொட்டாசியம்

மழை பெய்தால் அகலமான தெருவில் நீர் வடிந்துவிடும். குறுகிய சந்தில் தேங்கி நிற்கும். தசை இழையிலும் அப்படியே. மேற்பரப்பில் வெளியேறும் பொட்டாசியம் சுற்றியுள்ள நீரில் கலந்து போய்விடுகிறது. ஆழத்துக் குறுகிய குழாய்களுக்குள் வெளியேறும் பொட்டாசியமோ உடனே வடிய வழியில்லாமல் தேங்குகிறது. ஒரு துடிப்புக்குச் சிறிதளவுதான். ஆனால் ஒரு பொருளை இறுகப் பிடிக்கையில் துடிப்புகள் வரிசையாக வருகின்றன. அப்போது தேக்கம் ஏறிக்கொண்டே போகிறது.

இப்படிப் பொட்டாசியம் தேங்கினால் இழையின் உட்புற எதிர் மின்னேற்றம் குறைகிறது. அது குறையக் குறைய அடுத்த துடிப்பு எளிதாகத் தொடங்கிவிடும். நரம்பிலிருந்து கட்டளை வராமலே தசை தானாகத் துடிக்கும் அபாயம் இது. இந்த அபாயம் ஆரோக்கியமான தசையிலும் ஒவ்வொரு நாளும் இருக்கிறது.

அதைத் தடுப்பவை குளோரைடு வாய்க்கால்கள். தசை ஓய்ந்திருக்கும்போதும் இவற்றில் ஒரு பகுதி திறந்தே இருக்கும். ஓய்வு நிலையில் சவ்வைக் கடக்கக்கூடிய மின்னோட்டத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு வழி கொடுப்பவை இவையே. உட்புறத்தின் எதிர் மின்னேற்றம் குறையத் தொடங்கியதும், எதிர் மின்னேற்றம் உடைய குளோரைடு உள்ளே புகுந்து அக்குறையை ஈடு செய்கிறது. படகு ஒரு பக்கம் சாயும்போது மறு பக்கத்தில் போய் அமர்கிறவரைப்போல அது நிலைமையைச் சமன் செய்கிறது.

குளோரைடு வாய்க்கால் குறைவாக இருந்தால், அல்லது இருந்தும் திறக்காவிட்டால், சமன் செய்ய ஆள் இல்லை. கையை விடு என்று மூளை சொல்லியாயிற்று, நரம்பும் அமைதியாகிவிட்டது. ஆனாலும் தேங்கிய பொட்டாசியத்தின் தூண்டுதலால் தசை இழை மேலும் மேலும் துடிக்கிறது. கால்சியம் தொடர்ந்து வெளிவருகிறது. விரல்கள் விரியவில்லை. எங்கள் கையைப் பிடித்த இளைஞருக்கு நடந்தது இதுதான். அவர் மனம் கையை விட்டுவிட்டது. தசைக்குத்தான் விட இயலவில்லை.

மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தி இந்தத் துடிப்புகளை ஒலியாக மாற்றிக் கேட்கலாம். இ.எம்.ஜி. என்னும் பரிசோதனை அது. மயோடோனியா உள்ள தசையில் அந்த ஒலி ஏறி இறங்கி, போர் விமானம் தலைகுப்புறப் பாயும் இரைச்சலைப்போல் கேட்கும். அதை ஒருவரும் நடித்துக் காட்ட முடியாது.

இன்னொரு விசேஷமும் உண்டு. இறுகிய கையை ஐந்தாறு முறை மடக்கி விரித்தால் விறைப்பு படிப்படியாகக் குறைந்துவிடும். முதல் படியில் தடுமாறுகிறவர் பத்தாவது படியில் சாதாரணமாக ஏறுவார். இதனாலேயே மற்றவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. "இப்போது மட்டும் எப்படி முடிகிறது?" என்று கேட்கிறார்கள்.

தகப்பன் எழுதிய கட்டுரை

இந்தச் சந்தேகத்தால் புண்பட்ட ஒரு தகப்பனின் எழுத்திலிருந்துதான் இந்த நோய் மருத்துவ உலகில் பெயர் பெற்றது. அவர் ஜூலியஸ் தோம்சன். பால்டிக் கடலோரம், ஷ்லெஸ்விக் நாட்டுப்புறத்திலுள்ள கப்பெல்ன் என்னும் சிற்றூரில் மருத்துவராக இருந்தவர். அவருக்கே சிறு வயதிலிருந்து இந்த விறைப்பு இருந்தது. அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்கும் இருந்தது. ஊரார் கேலிக்கு அஞ்சி, குடும்பத்தார் அதை மறைத்தே வாழ்ந்தனர்.

தோம்சனின் மகன் ஒருவனை இராணுவச் சேவைக்கு அழைத்தபோது சங்கடம் வந்தது. கட்டளை கேட்டதும் விறைத்து நிற்கும் அந்த இளைஞன், படைப் பணிக்குப் பயந்து நடிக்கிறான் என்று குற்றம் சாட்டப்பட்டான். தகப்பன் மௌனத்தைக் கலைத்தார். 1876ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்த நிலையில், தம்முடைய நோயையும் தம் குடும்பத்தாரின் நோயையும் விவரித்து ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்.

அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு தவறு இருந்தது. பரம்பரையாக வரும் மனப்போக்கே இந்த இறுக்கத்துக்குக் காரணம் என்று தோம்சன் கருதினார். தசையின் சவ்வை ஆராயும் கருவிகள் அக்காலத்தில் இல்லை. காரணத்தைத் தவறாகக் கணித்தாலும், தம் மகன் பொய் சொல்லவில்லை என்பதை அவர் சரியாகவே சொன்னார். சில ஆண்டுகளில் மற்ற மருத்துவர்கள் இந்நோயைத் தோம்சன் நோய் என்றே அழைக்கத் தொடங்கினர்.

டென்னசி ஆடுகள்

காரணம் மனத்தில் இல்லை, தசையில் இருக்கிறது என்று காட்டியவை ஆடுகள்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1880களிலிருந்து ஒரு வகை ஆடுகள் அறியப்பட்டிருந்தன. திடுக்கிட்டால் அவற்றின் கால்கள் விறைத்துவிடும். சில கட்டைபோல் சாய்ந்து விழும். அரை நிமிடத்துக்குள் எழுந்து மேயப் போய்விடும். மயங்கி விழும் ஆடுகள் என்று ஊரார் பெயரிட்டனர். உண்மையில் அவை மயங்குவதில்லை. கண் திறந்தபடி, நினைவோடுதான் விழுகின்றன. அவற்றுக்கும் இருந்தது பிறவி மயோடோனியாதான்.

1939ஆம் ஆண்டில் பிரவுன், ஹார்வி என்னும் இரு ஆய்வாளர்கள் இந்த ஆடுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகாதபடி க்யூராரே என்னும் மருந்தால் தடுத்த பிறகும், தசையை நேரே தட்டினால் அது இறுகிக்கொண்டு விட மறுத்தது. நரம்பும் மூளையும் சம்பந்தப்படாமலே இது நடந்ததால், குறை தசை இழையிலேயே இருக்கிறது என்பது தெளிவாயிற்று. 1960களில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஷர்லி பிரையண்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆட்டின் விலாத் தசையை எடுத்து அளந்தனர். சோடியமும் பொட்டாசியமும் போய்வருவதில் பெரிய குறை இல்லை. குளோரைடு கடக்கும் அளவுதான் மிகவும் குறைந்திருந்தது. 1974இல் அவரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியனும் சேர்ந்து, குறுகிய குழாய்களில் பொட்டாசியம் தேங்குவதே தொடர் துடிப்புக்குக் காரணம் என்பதை விளக்கினர். மேலே நாங்கள் சொன்ன விளக்கம் அந்த ஆய்விலிருந்து வந்ததே.

480ஆம் இடத்தில் ஒரு மாற்றம்

அதன்பின் அந்த வாய்க்காலையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதற்கு உதவியது ஒரு கடல் மீன். மின்சாரம் பாய்ச்சி இரையைத் தாக்கும் திருக்கை வகை ஒன்று உண்டு. அதன் மின் உறுப்பில் குளோரைடு வாய்க்கால்கள் நெருக்கமாக இருக்கின்றன. 1990இல் ஹாம்பர்கில் தாமஸ் யென்ச் குழுவினர் அந்த மீனிலிருந்து முதல் குளோரைடு வாய்க்காலின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். 1991இல் பாலூட்டிகளின் தசையிலுள்ள அதன் உறவினரைக் கண்டனர். 1992இல் மனிதரின் 7ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவுக்கும் மயோடோனியாவுக்கும் உள்ள தொடர்பு உறுதியாயிற்று.

இந்த வாய்க்கால் 988 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட புரதச் சங்கிலி. 1994இல் தோம்சனின் சந்ததியாரிடமே ஆராய்ந்து பார்த்தார்கள். 480ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் இருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை ஒரு வாக்கியத்தின் பொருளை மாற்றிவிடுவதுபோல, இந்த ஒரு மாற்றம் வாய்க்காலைக் கெடுத்துவிட்டது. மகனுக்காகத் தகப்பன் எழுதிய 1876க்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் இடையே 118 ஆண்டுகள். தோம்சன் தேடிய பதில் அவருடைய வாரிசுகளின் இரத்தத்திலேயே இருந்தது.

இந்த வாய்க்காலின் அமைப்பும் வியப்பானது. இரண்டு புரதங்கள் இரட்டையராகச் சேர்ந்தே ஒரு வாய்க்காலாகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துவாரம் உண்டு. இரட்டைக் குழல் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளலாம். திருக்கை மீனின் வாய்க்காலை ஆராய்ந்த கிறிஸ்டோபர் மில்லர் 1982லேயே இதை ஊகித்தார். 2002இல் ராட்ரிக் மெக்கினன் குழுவினர் பாக்டீரியாவில் உள்ள இதே குடும்பத்துப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டனர். மனிதத் தசையிலுள்ள வாய்க்காலின் வடிவம் 2018இல் வெளிவந்தது.

இரட்டையராக இருப்பதால் இந்நோய் இரு விதமாகக் குடும்பங்களில் வருகிறது. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்குத் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி உண்டு. தோம்சன் நோயில் ஒரு பிரதி கெட்டாலே போதும். கெட்ட புரதம் நல்ல புரதத்தோடு ஜோடி சேர்ந்து அதன் வேலையையும் கெடுத்துவிடுகிறது. ஆகவே பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதி வாய்ப்போடு பிள்ளைக்கு வருகிறது. ஜெர்மன் மருத்துவர் பெக்கர் 1950களிலிருந்து ஆராய்ந்து விவரித்த மற்றொரு வகையில் இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்தால் பாதி வாய்க்கால்கள் வேலை செய்யும். தசைக்கு அது போதும். ஆகவே பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இராது. பெக்கர் வகையில் விறைப்பு அதிகம். ஓய்ந்திருந்து அசையும்போது சில விநாடிகள் பலவீனமும் தோன்றும்.

இரண்டு பிரதிகளும் கெட்டால் வரும் நோய்கள், இரத்த சம்பந்தமுள்ள குடும்பங்களுக்குள் திருமணம் நடக்குமிடத்தில் அதிகம் தலைகாட்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் வழக்கத்தில் இதை அறிந்திருப்பது நல்லது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் திருமணப் பேச்சுக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளலாம். எந்தப் பெற்றோரும் இதற்காகத் தங்களைக் குற்றவாளிகளாக எண்ண வேண்டியதில்லை.

உலக அளவில் பிறவி மயோடோனியா ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது. வட ஸ்காண்டிநேவியாவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு.

ஒரே அடையாளம், வேறு நோய்

பிடித்த கை விடாதவர் எல்லாருக்கும் ஒரே நோய் என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்று எங்கள் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சோடிய வாய்க்காலில் குறை இருந்தாலும் விறைப்பு வரும். அவர்களில் சிலருக்கு அசைக்க அசைக்க விறைப்பு கூடும். குளிரில் மிகவும் மோசமாகும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்னும் தசை நலிவு நோய். இதிலும் கை விடாது. ஆனால் தசைகள் நாளடைவில் மெலிந்து பலம் இழக்கும். கண்ணில் புரை விழும். இதயத் துடிப்பு தடுமாறும். தலைமுறைதோறும் நோய் கடுமையாவதும் உண்டு. இதன் முதல் வகைக்குக் காரணமான பிழை 19ஆம் குரோமோசோமில் இருப்பது 1992இல் தெரிந்தது. குளோரைடு வாய்க்காலின் மரபணு இவர்களிடம் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் கை ஏன் இறுகுகிறது? 2002இல் விடை கிடைத்தது. அந்த மரபணு அனுப்பும் செய்தியைச் செல் வெட்டி ஒட்டிச் சீராக்கும்போது தவறு நேர்கிறது. ஓலை சரியாகத்தான் எழுதப்பட்டது; படியெடுத்தவர் பிழை செய்துவிட்டார். ஆகவே சரியான வாய்க்கால் உருவாவதில்லை.

ஆதலால் கை விறைப்போடு வருகிறவருக்கு இ.சி.ஜி. எடுத்து இதயத்தையும் பார்ப்பது, கண்ணைச் சோதிப்பது, குடும்ப வரலாற்றை விசாரிப்பது ஆகியவை அவசியம். எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனை தெளிவாக்கும்.

என்ன செய்யலாம்?

பிறவி மயோடோனியா ஆயுளைக் குறைப்பதில்லை. பலருக்கு மருந்தே தேவைப்படாது. எழுந்து நடப்பதற்கு முன் உட்கார்ந்தபடியே கால்களை மெல்ல அசைத்துக்கொள்வது, குளிரைத் தவிர்ப்பது, திடீர் ஓட்டத்தைத் தவிர்ப்பது ஆகியவை பெரிதும் உதவும். கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு விறைப்பு கூடுவதுண்டு. பிரசவம் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விறைப்பு அன்றாட வாழ்வைக் கெடுத்தால் மெக்சிலெட்டின் என்னும் மருந்து உண்டு. இது குளோரைடு வாய்க்காலைச் சரி செய்வதில்லை. சோடிய வாய்க்கால்களைச் சற்று அடக்கி, தானாக எழும் துடிப்புகளைக் குறைக்கிறது. 59 நோயாளிகளிடம் நடத்திய ஒரு சோதனையில் இம்மருந்து விறைப்பைக் குறைத்தது என்று 2012இல் வெளியாயிற்று. 2018இல் ஐரோப்பாவில் இந்நோய்க்கென்றே அனுமதி பெற்றது. முதலில் இதயத் துடிப்பு சம்பந்தமான நோய்களுக்கு வந்த மருந்து ஆதலால், இதயத்தைச் சோதித்து, மருத்துவரின் மேற்பார்வையிலேயே சாப்பிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மயக்க மருந்து பற்றிய எச்சரிக்கை. அறுவையின்போது தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்னும் மருந்தைக் கொடுப்பதுண்டு. சாதாரணமாக அது தசையைச் சிறிது துடிக்க வைத்துப் பிறகு தளர்த்தும். மயோடோனியா உள்ளவரின் தசையோ அதனால் இறுகிவிடும். தாடை பூட்டிக்கொள்ளலாம், மார்புத் தசைகள் விறைத்து, மூச்சுக் கொடுப்பதே கடினமாகலாம். குளிரும் நடுக்கமும்கூட இறுக்கத்தைத் தூண்டும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு முன்பே தெரிந்தால், அம்மருந்தைத் தவிர்த்து, நோயாளியை வெதுவெதுப்பாக வைத்து, ஆபத்தில்லாமல் நடத்திவிடுவார். தெரியாவிட்டால்தான் ஆபத்து. டாக்டரம்மா "நல்ல வேளை" என்றதன் பொருள் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

பொறுத்திருந்து பிடித்த கை

அந்த இளைஞருக்கு மறுநாள் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்து அறுவை நடந்தது. போர்வைகள் கூடுதலாகக் கொடுத்தார்கள்; ஏற்றும் சலைனையும் சூடாக்கிக்கொண்டார்கள். நலமாகவே முடிந்தது. வீட்டுக்குப் புறப்படும்போது அவருடைய சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை இருந்தது. தமக்கு மயோடோனியா உண்டு என்பதும், சக்சினைல்கோலின் கொடுக்கலாகாது என்பதும் அதில் எழுதியிருந்தன. மருந்தைவிட அந்த அட்டை அவருக்கு அதிக ஆறுதல் தந்ததாகச் சொன்னார். தாம் நடிக்கவில்லை என்று முதன்முறையாக ஒருவர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரே!

நம் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். பாடலுக்கு எல்லாரும் எழும்போது முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கிறவர், குளிர்ந்த நீரில் கை கழுவியபின் குவளையை விட முடியாமல் தவிக்கிற பெண், கண்களை இறுக மூடிவிட்டு உடனே திறக்க முடியாமல் விழிக்கிற பிள்ளை. ஆசிரியர்களாக இருக்கிற நம் வாசகர்கள் விசேஷமாக இதை நினைவில் வைக்கும்படி வேண்டுகிறோம். பிள்ளை எழுந்திருக்கத் தாமதித்தால், பிரம்பை எடுக்குமுன் ஒரு நிமிடம் கவனியுங்கள். இரண்டாம் முறை எழும்போது எளிதாக எழுகிறானா என்று பாருங்கள். அப்படியானால் பெற்றோரை அழைத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

புறப்படும் முன் அந்த இளைஞர் எங்களுக்குக் கை கொடுத்தார். இம்முறை நாங்கள் கையை இழுக்கவில்லை. பேசிக்கொண்டே, அவருடைய விரல்கள் தாமாக விடும்வரை காத்திருந்தோம். ஏழெட்டு விநாடிதான் ஆயிற்று.